மண்ணில் உறையும் நோய்

கார்காலத்தில் மாணவர் விடுதியில் உறைவார் யாவரும் அறிந்த காட்சி ஒன்றுண்டு. ஒரு வாரம் திறவாது வைத்த பெட்டியைத் திறந்தால், நூலட்டையின்மேலும் தோற்செருப்பின்மேலும் வெண்மையும் பசுமையுமாக ஏதோ படர்ந்திருக்கும். அதனைப் ‘பூசணம் பூத்தது’ என்கின்றோம். கெட்டுப்போனதனையும் பூத்தது என்றே கூறும் நம் மொழியின் நயம் வியக்கத்தக்கது. பின்னர்க் கந்தையால் துடைத்துவிட்டு வகுப்பிற்குச் சென்றுவிடுகின்றோம். துடைத்தபொழுது பறந்த பொடி யாது, அஃது எங்கே சென்றது, அதன் ஒரு கூறு நம் மூச்சோடு உட்புகுந்ததோ என்று வினவுவார் அரியர். பெரும்பாலும் அதனால் நமக்குத் தீங்கொன்றும் விளைவதில்லை. ஆயினும், தீங்கு விளைக்கும் பூசணம் உறையும் நிலங்களும் உலகில் உள. ஆண்டு, கண்ணுக்குப் புலனாகாத பூசணம் மண்ணிற் பதுங்கியிருந்து, காற்றெழுந்த நாளில் மாந்தர் நுரையீரலுட் புகுந்து நோய் செய்கின்றது. அத்தகைய பூசணத்தை, நோய் வருமுன்னரே மண்ணிலும் காற்றிலும் கண்டறிதல் கூடுமோ? கூடுமாயின், கண்டறிந்தார்க்குரிய கடமை யாது? இவ்விரு வினாக்களைப் பற்றியே இக்கட்டுரையில் எம் கருத்தைக் கூற விழைகின்றோம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சியில் என்ன வேலை என்று அறிவியற் பகுதி நண்பர்கள் நகைத்தல் கூடும். அவர்க்கு யாம் கூறும் விடை இரண்டு. திருவள்ளுவர் மருந்தைப் பற்றிப் பேசுமிடத்து, நோய் இன்னதென அறிதலோடு நில்லாது அதன் காரணத்தையும் தேடவேண்டும் என்றார். காரணம் நோயாளியின் உடலிலேயே இருத்தல் வேண்டும் என்னும் நியதியில்லை. அவன் காலடி மண்ணிலும் இருத்தல் கூடும். இஃது ஒன்று. அறிவியலார் கண்ட உண்மை எத்துணைப் பெரிதாயினும், அஃது அறியவேண்டியவன் செவிக்கு அவன் மொழியிற் சென்று சேராவிடின் பயனின்றி ஒழியும். ஆகவே, சோதனைச் சாலையில் தொடங்கும் வேலை மொழியில் வந்து முடிகின்றது. இஃது இரண்டாவது.

கிறிஸ்தவ மாணவராகிய எமக்கு மற்றொரு நினைவும் எழுகின்றது. லேவியராகமத்தின் 14-ஆம் அதிகாரத்தில், வீட்டுச் சுவரில் தோன்றும் ஒரு தோஷத்தைப் பற்றிய விதிகள் உள்ளன. சுவரிற் பசுமையும் செம்மையுமான குழிந்த வடுக்கள் தோன்றினால், வீட்டுக்குரியவன் ஆசாரியனிடம் சென்று அறிவித்தல் வேண்டும். ஆசாரியன் தான் வந்து பார்க்குமுன் வீட்டிலுள்ள பொருள்களையெல்லாம் வெளியேற்றுவிக்கின்றான், பின்னர் நோக்குகின்றான், உடனே தீர்ப்புக் கூறாமல் ஏழு நாள் வீட்டை அடைத்து வைக்கின்றான், மீண்டும் வந்து பார்க்கின்றான். தோஷம் படர்ந்திருப்பின், பழுதுற்ற கற்களைப் பெயர்த்து ஊருக்குப் புறத்தே எறியவும், சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூசவும் கட்டளையிடுகின்றான். அதன் பின்னும் தோன்றுமாயின் வீட்டையே இடிப்பிக்கின்றான். இத்தோஷம் சுவரிற் பற்றும் பூசணமே என்று அறிஞர் பலர் கருதுவர். அஃது எவ்வாறாயினும் ஆகுக. அவ்விதிகளின் முறை நம் கருத்திற்கு உரியது. முதலில் உள்ளுறைவோர் உடைமைக்குக் காவல், அடுத்து ஆய்வு, அதன்பின் பொறுமை, இறுதியிலே தீர்ப்பு. இந்நான்கனையும் மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

பொதுப்படப் பேசுதலினும் ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்தல் தெளிவு தரும். உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டில், மாந்தர்க்கு நோய் செய்யும் பூசணங்களுள் முதன்மையாகக் கருதத்தக்கன எனப் 19 இனங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் ஒன்றாகிய காக்சிடியாய்டிஸ் என்பதனையே யாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம். அது செய்யும் நோய்க்குப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று பெயர். இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. இருமுவான் ஒருவனிடமிருந்து அருகிருப்பானுக்குத் தொற்றும் நோயன்று இது, மண்ணினின்றே வருவது. ஆகலின், இந்நோயைத் தடுக்க விழைவார் நோயாளியை ஒதுக்கி வைத்துப் பயனில்லை. மண்ணையே வினவுதல் வேண்டும்.

இப்பூசணத்தின் இருப்பிடம், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிசோனா, கலிபோர்னியா முதலிய மாநிலங்களின் வறண்ட நிலங்களும், மெக்சிகோவும், நடு அமெரிக்கா தென் அமெரிக்கா என்னும் பகுதிகளிற் சிலவுமாம். மழை பெய்து மண் நனைந்த காலத்து இது நூலிழைபோல் மண்ணுள் ஓடி வளர்கின்றது. வறட்சி வந்தபொழுது அவ்விழைகள் சிறு சிறு துண்டுகளாக முறிகின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டால் அவற்றுட் சில கூறுகளே அத்துண்டின் அளவு. உழுதாலும், தோண்டினாலும், புயல் வீசினாலும் அவை தூசியோடு மேலெழுகின்றன. மூச்சோடு நுரையீரல் சேர்ந்தபின், ஒவ்வொன்றும் உருண்டையாகப் பருத்துத் தன்னுள்ளே பல நுண்வித்துக்களை ஈன்று வெடிக்கின்றது. தொற்றுற்றாருள் நூற்றுக்கு அறுபதின்மர்க்கு நோயின் குறியே தோன்றாது. ஏனையோர் இருமலும் காய்ச்சலும் களைப்புமாக வாரக் கணக்கிலும் திங்கட் கணக்கிலும் வருந்துவர். மிகச் சிலர்க்கு அஃது எலும்பிலும் தோலிலும் மூளையைப் போர்த்த சவ்விலும் பரவி உயிர்க்கே இறுதி செய்யும். 1994-ஆம் ஆண்டு ஜனவரியில் கலிபோர்னியாவில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் நிகழ்ந்தபொழுது, மலைச் சரிவுகள் பெயர்ந்து எழுந்த தூசியால் வென்சுரா வட்டாரத்தில் 203 பேர் இந்நோயுற்றனர், மூவர் மாண்டனர். 2019-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நோய்த் தடுப்பு மையத்திற்கு 20,003 நோயாளிகளைப் பற்றிய செய்தி வந்தது.

இதனை மாந்தர் அறிந்துகொண்ட வரலாறு தவறுகளால் ஆகிய வரலாறு. 1892-ஆம் ஆண்டில் ஆர்ஜென்டினாவின் தலைநகராகிய புவனஸ் அயர்ஸில், அலெஹாண்ட்ரோ பொசாடஸ் என்னும் மருத்துவ மாணவர், ஒரு போர்வீரனது தோற் புண்ணில் இவ்வுயிரைக் கண்டார். கண்டவர் இதனை நுண்ணிய விலங்குயிர் என்றே எண்ணினர். கலிபோர்னியாவில் கண்டவரும் அவ்வாறே மயங்கி, அம்மயக்கத்திற்கேற்ற பெயரையும் இட்டனர். அப்பெயரே இன்றுகாறும் நிலைத்தது. 1900-ஆம் ஆண்டில்தான் ஓபுல்ஸ், மோபிட் என்னும் இருவர் இஃது ஒரு பூசணமே என்று நிறுவினர். அப்பொழுதும் இது தவறாது கொல்லும் அரிய நோய் என்பதே மருத்துவர் நம்பிக்கை. 1929-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு மருத்துவ மாணவர் ஒருவர் சோதனைச் சாலையில் இப்பூசணத்தின் பொடியைத் தற்செயலாக மூச்சில் இழுத்து நோயுற்று, பின்னர் நலமடைந்தார். இறப்பார் என்று அஞ்சப்பட்டவர் எழுந்து நடந்தமை கண்டே, நோய் பலர்க்கு எளிதாகவும் வந்து போகும் என்பதனை ஆசிரியர் உணர்ந்தனர். சான் வாக்கின் பள்ளத்தாக்கின் உழவர் நெடுநாளாகப் பெயரிட்டு வழங்கிய காய்ச்சலும் இதுவும் ஒன்றே என்பது 1930-களில் டிக்சன், மிர்னி கிப்போர்டு ஆகியோரது உழைப்பினால் வெளியாயிற்று. அறிஞர் நெடுநாள் தேடியதற்கு உழவர் முன்னரே ஒரு பெயர் வைத்திருந்தனர் என்பதனை நண்பர்கள் நினைவிற் கொள்க.

1932-ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட், மேயர் என்னும் இருவர் கலிபோர்னியாவின் டெலானோ என்னும் ஊரருகே எடுத்த மண்ணினின்றே இப்பூசணத்தைப் பிரித்து வளர்த்துக் காட்டினர். அன்று முதல் மண்ணைச் சோதிக்கும் முயற்சி நிகழ்ந்துவருகின்றது. ஆயினும் அஃது எளிதாயிற்றில்லை. ஒரு பிடி மண்ணில் எண்ணிறந்த உயிர்கள் உள. ஊட்டப் பொருளிட்டு மண்ணை வைத்தால், விரைந்து வளரும் பிற பூசணங்கள் முந்திக்கொண்டு, தேடுவதனை மூடிவிடுகின்றன. நெல்லைத் தேடி விதைத்த வயலிற் களையே நிறைந்தாற்போல்வது அது. இதற்கஞ்சி, மண்ணைக் கரைத்த நீரை எலிகளின் உடலிற் செலுத்தி, நோயுற்ற எலியினின்று பூசணத்தை எடுத்தனர். அதற்கு வாரங்கள் பல செல்லும், உயிர்களும் மாளும். வளர்ந்தபின்னரோ, ஆய்வோர்க்கே அது பேரிடர். காற்று வெளியேறாதபடி அமைந்த காவல் மிக்க அறையிலன்றி அதனைத் தொடுதல் தகாது.

இவ்விடர்ப்பாடுகளை நீக்க வந்ததே மூலக்கூற்று முறை. உயிர்ப்பொருள் ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்னும் மூலக்கூறு உண்டு. அதனை நான்கே எழுத்துக்களால் எழுதிய ஒரு நீண்ட சுவடி என்று கொள்ளலாம். உயிரை வளர்த்துக் காணாது, அதன் சுவடியிலுள்ள ஒரு வரியைக் கண்டே இஃது இன்ன உயிர் எனத் துணிவதே இம்முறையின் கருத்து. மண்ணைச் சிறு மணிகளோடு சேர்த்து வலிதிற் குலுக்கிப் பூசணத்தின் உறையை உடைப்பர், டி.என்.ஏ.வைப் பிரித்துத் தூய்மை செய்வர். ஆயினும் கிடைப்பது மிகச் சிறிது. அதனைப் பெருக்கும் வழியை 1983-ஆம் ஆண்டில் கேரி மல்லிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் கண்டார். அதற்கு 1993-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். பி.சி.ஆர். என்று இன்று யாவரும் கூறுவது அதுவே.

அதன் இயல்பு இது: டி.என்.ஏ. இரு புரிகளால் ஆயது. கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடேற்றினால் புரிகள் பிரிகின்றன. ஆறவைத்தால், நாம் தேடும் வரியின் இரு முனைகளையும் அறிந்து பற்றுமாறு முன்னரே அமைத்த சிறு துணுக்குகள் அவற்றிற் சென்று பொருந்துகின்றன. பின்னர் ஒரு நொதியம் அத்துணுக்கினின்று தொடங்கிப் புரியை எழுதி நிரப்புகின்றது. ஒன்று இரண்டாயிற்று. இச்சூட்டிற் கெடாத நொதியம், எல்லோஸ்டோன் என்னுமிடத்து வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு நுண்ணுயிரினின்று பெறப்பட்டது; அவ்வுயிரைத் தாமஸ் பிராக், ஹட்சன் பிரீஸ் என்பார் 1969-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். மீண்டும் சூடேற்றி ஆற்றினால் இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். சதுரங்கப் பலகையின் ஒவ்வொரு கட்டத்திற்கும் இருமடங்கு நெல் கேட்ட புலவனுக்கு நாடே போதாதாயிற்று என்னும் கதையை நாம் இளமையிற் கேட்டிருக்கின்றோம். இங்கும் அவ்வாறே, முப்பது சுற்றுக்களில் ஒன்று 107 கோடிக்கு மேலாகப் பெருகும். தேடிய வரி மண்ணில் இல்லையாயின் துணுக்குகள் பற்றுதற்கு இடமின்றி யாதும் பெருகாது. பெருகுங்கால் ஒளிவிடும் பொருளைச் சேர்த்து வைத்தால், எத்தனையாம் சுற்றில் ஒளி தோன்றிற்று என்பதனைக் கொண்டு மண்ணில் இருந்த அளவையும் ஒருவாறு மதிப்பிடலாம். 2019-ஆம் ஆண்டில் அரிசோனா ஆராய்ச்சியாளர், இப்பூசணத்தின் சுவடியிற் பன்முறை மீண்டும் மீண்டும் வரும் ஒரு பகுதியைத் தேடும் சோதனையை வெளியிட்டனர். ஒரே முறை வரும் வரியைத் தேடுவதினும் பலகால் வருவதனைத் தேடுதல் எளிதன்றோ? எலிகள் தோண்டிய வளைகளின் மண்ணில் இப்பூசணம் மிகுதியாகக் காணப்படுதலும் இத்தகைய சோதனைகளால் விளங்கிற்று.

இம்முறையால் விளைந்த பயனுக்கு ஒரு சான்று காட்டுவோம். வாஷிங்டன் மாநிலம் கலிபோர்னியாவிற்கு வடக்கே நெடுந்தொலைவில் உள்ளது. ஆண்டுப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் உண்டென மருத்துவர் எவரும் எண்ணியதில்லை. 2010, 2011-ஆம் ஆண்டுகளில் அம்மாநிலத்தின் தென்பகுதியில் மூவர் இந்நோயுற்றனர். அவர் உழன்ற இடங்களின் மண்ணை எடுத்துச் சோதித்தபொழுது, பூசணத்தின் டி.என்.ஏ. அதில் உளதெனப் பி.சி.ஆர். காட்டிற்று. அதனோடு அமையாது, மண்ணினின்று உயிருள்ள பூசணத்தையே வளர்த்தெடுத்து, அதன் சுவடி முழுவதையும் நோயாளியிடமிருந்து எடுத்த பூசணத்தின் சுவடியோடு ஒத்து நோக்கினர். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிக்கும் புலவரது வேலையை அறிந்த எமக்கு இது புதிதன்று. பாடபேதங்களை ஒப்பிட்டு, இவ்வேடு இன்ன மூலத்தினின்று பெயர்த்து எழுதப்பட்டது என்று துணிவதே அவர் தொழில். இரு ஏடுகள் ஒரே பிழையை ஒரே இடத்தில் உடையனவாயின், அவை ஒரு தாயேட்டின் மக்கள். மண்ணிற் கண்ட பூசணமும் நெஞ்சிற் கண்ட பூசணமும் ஒரே குடும்பத்தின என்பது அவ்வாறே துணியப்பட்டது. கலிபோர்னியாவில் மிகுதியாகக் காணப்படும் இனமும் பிற இடங்களில் வழங்கும் இனமும் வேறு வேறு என 2002-ஆம் ஆண்டில் பிரித்துணர்ந்ததும் இச்சுவடிகளை ஒப்பிட்டே. உருவால் ஒத்த அவ்விரண்டனுள் ஒன்று, முதலிற் கண்ட பொசாடஸின் பெயரைப் பெற்றது.

இவ்வினா நமக்குப் புறம்பானதும் அன்று. காண்டிடா ஆரிஸ் என்னும் பூசணம் 2009-ஆம் ஆண்டில் ஜப்பானில் ஒரு நோயாளியின் செவியினின்று எடுத்து விவரிக்கப்பட்டது. பின்னர்ப் பல நாட்டு மருத்துவமனைகளில், மருந்துக்கு எளிதில் அடங்காத பகையாகப் பரவிற்று. மருத்துவமனைக்கு வெளியே அஃது எங்கு உறைகின்றது என்பது புலப்படாதிருந்தது. இந்திய ஆராய்ச்சியாளர் அந்தமான் தீவுகளின் கடற்கரை மணலிலும் உவர்ச் சதுப்பிலும் அது வாழ்தலைக் கண்டு 2021-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தேடுவார் தேடிய இடத்திலேயே காண்பர். தேடாத இடத்தில் ‘இல்லை’ என்று கூறுதல் அறியாமையின் மறுபெயர்.

இனி, இம்முறையின் குறைகளையும் ஒளியாது கூறுதல் கடன். முதலாவது, டி.என்.ஏ. உளதென்றால் பூசணம் உயிரோடு உளதென்பது துணிபன்று. இறந்ததன் சுவடியும் மண்ணிற் சிலகாலம் கிடக்கும். இரண்டாவது, மண்ணிலுள்ள மக்கற் பொருள் நொதியத்தின் தொழிலைத் தடுத்தலுண்டு. அப்பொழுது பூசணம் இருந்தும் ஒளி தோன்றாது. மூன்றாவது, ஆயுதத்தின் கூர்மையே ஆபத்துமாம். வேறிடத்துத் துகள் ஒன்று தவறிக் கலந்தாலும் அது கோடியாகப் பெருகி, இல்லாததனை உளதாகக் காட்டும். ஆகலின் ஒவ்வொரு முறையும் மண்ணிடாத வெறுங்குழல் ஒன்றையும், உளதென ஐயமற அறிந்த குழல் ஒன்றையும் உடன்வைத்துச் சோதிப்பர். நான்காவது, இப்பூசணம் நிலமெங்கும் ஒருபடித்தாய் இராது. திட்டுத் திட்டாகவே உறையும். ஓரிடத்து மண்ணில் உண்டாயின், சில அடி தள்ளி எடுத்த மண்ணில் இல்லாமற் போகலாம். ‘உண்டு’ என்னும் விடையினும் ‘இல்லை’ என்னும் விடையே அஞ்சத்தக்கது.

இங்குத்தான் எம் கருத்தின் உயிர்நிலை உளது. இவ்வாராய்ச்சியைப் பற்றி இருவேறு வாதங்கள் எழக்கூடும். ‘பூசணம் உறையும் நாட்டில் எங்கும் தூசி, எங்கும் அச்சம், ஒவ்வொரு பிடி மண்ணையும் சோதித்து ஆவதென்? தூசியை அடக்கினாற் போதாதா?’ என்பது ஒன்று. இவ்வாதத்தில் உண்மையில்லாமற் போகவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் விமானத் தளங்கள் அமைத்தபொழுது, சார்லஸ் ஸ்மித் என்னும் மருத்துவரது அறிவுரையின்படி வழிகளுக்குத் தளமிட்டும், புல் வளர்த்தும், விளையாடும் வெளிகளில் எண்ணெய் தெளித்தும் தூசியை அடக்கினர், நோயும் குறைந்தது. அன்று பி.சி.ஆர். இல்லை. ஆயினும், நோய் உறையும் நாடு எது என்பதே தெரியாவிடின் தூசியை எங்கே அடக்குவது? வாஷிங்டன் மருத்துவர்க்கு மண் பேசியிராவிடின், அடுத்து வரும் நோயாளியின் இருமலை வேறு நோய் என்றே கருதி, பயனற்ற மருந்து கொடுத்திருப்பர். ஆகலின் சோதனை வேண்டும்.

மற்றொரு வாதம் இதனினும் கொடியது. ‘மண்ணைச் சோதித்தோம், பூசணம் இல்லை என்று எழுத்து மூலம் விடை வந்துவிட்டது, இனி முகமூடி எதற்கு? நீர் தெளித்தல் எதற்கு?’ என்று வேலை வாங்குவோன் கூறுவானாயின், அறிவியல் அவன் கையில் ஓர் அநீதிச் சீட்டாக மாறிவிடும். பத்துக் குழிகளில் இல்லாதது பதினோராவது குழியில் இருக்கக்கூடும் என்பதனை அவ்வெழுத்துக் கூறாது. மண்வெட்டியைக் கையிற் கொண்டவனே அப்பதினோராவது குழியைத் தோண்டுவான்.

தூசியை உண்பார் யார் என்பதனைச் சற்று நோக்குவோம். சான் வாக்கின் பள்ளத்தாக்கின் வயல்களிற் கூலி செய்வோர், சாலை போடுவோர், கட்டடத்திற்கு அடித்தளம் தோண்டுவோர். 2011 முதல் 2014 வரை கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ வட்டாரத்தில், சூரிய ஒளியால் மின்சாரம் எடுக்கும் பண்ணைகளை அமைத்த தொழிலாளருள் 44 பேர் இந்நோயுற்றமை கண்டறியப்பட்டது. உலகிற்குத் தூய ஒளி தருவதற்காக உழைத்தவர் தம் மூச்சை மாசுபடுத்திக்கொண்டனர். சிறைப்பட்டோரும் அவ்வகையினரே. அவர் தம் இருப்பிடத்தைத் தாமே தெரிந்துகொள்ள இயலாதவர். 2013-ஆம் ஆண்டில் கூட்டாட்சி நீதிமன்றம், அப்பள்ளத்தாக்கிலுள்ள இரு சிறைச்சாலைகளில் இந்நோய்க்கு எளிதில் இரையாகக்கூடியவரை வேறிடத்திற்கு மாற்றுமாறு ஆணையிட வேண்டியதாயிற்று. எம்மைப் போன்ற மாணவரும் தப்பினாரல்லர். 1970-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் வடபகுதியில் தொல்பொருள் தேடி மண்ணை அகழ்ந்த மாணவர் பலர் ஒருங்கே நோயுற்றனர். சோதனைச் சாலையில் விடையைப் படிப்பவர் ஒருவர். வெயிலில் நின்று தூசியை மூச்சாக இழுப்பவர் வேறொருவர். இவ்விருவரிடையே உள்ள தொலைவு, வாஷிங்டனுக்கும் கலிபோர்னியாவிற்கும் இடையே உள்ள தொலைவினும் பெரிது.

அத்தொலைவைக் குறைக்கும் முயற்சி ஒன்றும் இல்லாமற் போகவில்லை. 2019-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலம், இந்நோய் மிகுந்த வட்டாரங்களிற் கட்டட வேலை செய்விப்போர், தொழிலாளர்க்கு இந்நோயைப் பற்றியும் அதனைத் தவிர்க்கும் வகையைப் பற்றியும் கற்பித்தல் வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. இது நன்று. ஆயினும் கற்பித்தல் என்பது ஒரு தாளைக் கையிற் கொடுத்துக் கையொப்பம் வாங்குதல் அன்று. அவ்வயல்களில் உழைப்பாருட் பலர் ஸ்பானிய மொழி பேசுவோர். சிலர் மெக்சிகோவின் தொல்குடி மொழிகளாகிய மிக்ஸ்டெக் முதலியவற்றையே தாய்மொழியாக உடையோர். ஆங்கிலத்தில் அச்சிட்ட எச்சரிக்கை அவர்க்கு மண்ணிற் புதைந்த பூசணத்தைப்போலவே கண்ணுக்குப் புலனாகாதது. ஆகவேதான் இவ்வேலை மொழியில் வந்து முடிகின்றது என்று தொடக்கத்திற் கூறினோம்.

எம் துணிபை இங்குத் தொகுத்துரைப்போம். மண்ணையும் காற்றையும் மூலக்கூற்று முறையாற் சோதித்தல் வேண்டும். இன்னும் மிகுதியாகவும், இதுகாறும் ஐயுறாத இடங்களிலும் சோதித்தல் வேண்டும். ‘உண்டு’ என்று விடை வரின், அதனை உயிர் வளர்ப்பினாலும் சுவடி ஒப்பீட்டினாலும் உறுதி செய்தல் வேண்டும். ஆயினும் காவலை அவ்வுறுதி வருமளவும் தள்ளிவைத்தல் ஆகாது. ‘இல்லை’ என்று விடை வரின், அதனைக் காவலை நீக்கும் உரிமைச் சீட்டாக எவரும் கொள்ளலாகாது. எவ்விடை வந்தாலும், அது முதலிற் செல்லவேண்டிய இடம் அரசாங்க அலுவலகமும் அன்று, முதலாளியின் மேசையும் அன்று. அந்நிலத்தைத் தோண்டப் போகின்றவனுடைய செவி. அவன் அறியும் மொழியில், அவன் அறியும் சொல்லால், வேலை தொடங்குமுன்னரே அவனுக்குக் கூறுதல் வேண்டும். வேலை மறுத்தால் உணவில்லை என்னும் நிலையில் உள்ளவனுக்குச் செய்தியை மட்டும் கொடுத்தலும் போதாது. முகமூடியும், நனைத்த மண்ணும், நோயுற்றால் மருத்துவமும் உடன் கொடுத்தல் வேண்டும்.

இவையெல்லாம் செலவு மிக்கன என்பார்க்கு யாம் கூறுவது இதுவே: செலவு இப்பொழுதும் நிகழ்கின்றது. திங்கட் கணக்கில் வேலையிழந்து இருமிக்கொண்டு கிடப்பவனும் அவன் மனைவி மக்களுமே இன்று அதனைச் செலுத்துகின்றனர். கணக்கேட்டில் அது ஏறவில்லை, அவ்வளவே.

லேவியராகமத்து ஆசாரியனை மீண்டும் நினைக்கின்றோம். அவன் கையில் நுண்நோக்காடி இல்லை, நொதியம் இல்லை, சுவரைக் கண்ணால் நோக்குதலன்றி வேறு வழியறியான். எனினும் வீட்டினுட் புகுமுன் உள்ளிருப்போர் உடைமைக்கு வழிசெய்தான். ஐயம் தீருமளவும் பொறுத்தான். தீர்ப்பை வீட்டுக்குரியவனிடமே கூறினான். இன்றைய அறிஞர் கண்ணோ ஒரு துகளைக் கோடியாக்கிக் காணும் கண். அக்கண்ணுக்கு ஏற்ற நெஞ்சும் உடனிருத்தல் வேண்டும். நம் கல்லூரியில் அறிவியல் பயிலும் நண்பர்கள் நாளை அத்தகைய கருவிகளின் முன் அமர்வர். எம்மைப் போன்றார் பேனாவைக் கையிற் கொண்டு அமர்வோம். அவர் மண்ணினின்று கேட்டறிந்ததனை யாம் மாந்தர்க்கு உரைப்போமாக. மண்வெட்டியை ஓங்குமுன் ஒருவன் அதனைக் கேட்டுத் தன் முகத்தை ஒரு துணியால் மூடிக்கொள்வானாயின், இருதிறத்தார் கல்வியும் பயன்பெற்றதாம்.